வழக்கை நம்பி வாழ்ந்தவன்

ஆங்கில நாவல்களைப் பொழுதுபோக்குக்கென்றே வாசிப்போர் பலர். அவற்றுள் சிறந்தவை வாழ்க்கைக்கு எத்துணைப் பெரிய போதனைகளை அளிக்கின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1852, 1853-ஆம் வருஷங்களில் மாதப் பகுதிகளாக வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' என்ற நாவல் இதற்கு ஒரு திருஷ்டாந்தம்.

டிக்கன்ஸ் கோர்ட்டு விவகாரங்களை நேரில் அறிந்தவர். இளமையில் வக்கீல் குமாஸ்தாவாகவும், பின்னர் சுருக்கெழுத்து நிருபராகவும் இருந்தவர். 1844-இல், தமது 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையைத் திருடி வெளியிட்டவர்கள்மீது லண்டன் சான்ஸரி கோர்ட்டில் வழக்குத் தொடுத்து ஜயித்தார். பிரதிவாதிகள் திவாலாகிவிடவே, ஜயித்தவர் தலையிலேயே சுமார் 700 பவுன் செலவு விழுந்தது!

இந்நாவலின் நடுநாயகமாக விளங்குவது ஜார்ண்டிஸ் குடும்ப வழக்கு. ஓர் உயிலைப் பற்றிய தகராறு தலைமுறை தலைமுறையாக நீடிக்கிறது. இது வெறுங் கற்பனையன்று. இருபது வருஷ காலமாக நடந்தும் முடிவுபெறாமல், 70,000 பவுன் செலவை விழுங்கிய ஓர் உண்மை வழக்கை ஆசிரியர் தமது முகவுரையில் குறிப்பிடுகிறார்.

ரிச்சர்டு கார்ஸ்டன் இவ்வழக்கில் பாத்தியதையுள்ள வாலிபன். நற்குணமும் புத்தியும் உடையவன். வைத்தியம் கற்கத் தொடங்கினான், விட்டான். சட்டம் பயின்றான், அதையும் விட்டான். பட்டாளத்தில் சேர்ந்தான், அங்கும் நிலைக்கவில்லை. தீர்ப்பு வந்தால் செல்வம் வரும், பிறகு தொழில் எதற்கு என்ற எண்ணமே அவனைக் கெடுத்தது. தன்னை எச்சரித்த உறவினரான ஜான் ஜார்ண்டிஸையும் சத்துருவாகப் பாவித்தான். இறுதியில் வழக்கு முடிந்தது. ஆனால் சொத்து முழுவதும் கோர்ட்டுச் செலவிலேயே கரைந்து போயிருந்தது. ரிச்சர்டும் மனமுடைந்து மாண்டான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜான் ஜார்ண்டிஸும் அதே வழக்கில் கட்சிக்காரரே. ஆயினும் அவர் அதன்மேல் எவ்வித நம்பிக்கையும் வைக்கவில்லை. தம்மை அடைந்தவர்களை ஆதரித்துத் தமது கடமையைச் செய்து வந்தார். வழக்கு ஒன்றுதான், ஒருவன் அழிந்தான், மற்றவர் வாழ்ந்தார். ஆகவே ரிச்சர்டைக் கொன்றது கோர்ட்டின் தாமதம் மட்டுமன்று. அத்தீர்ப்பு வரும்வரை தன் வாழ்க்கையை ஒத்தி வைத்த அவனது மனப்பான்மையுமாகும்.

வக்கீல் தொழிலை அறிந்த நாம் நியாயஸ்தலங்களை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. உரிமைக்காக வழக்காடுவது குற்றமன்று. சான்ஸரி கோர்ட்டும் 1873-ஆம் வருஷத்துச் சட்டத்தின் விளைவாக 1875-இல் ஹைகோர்ட்டுடன் சேர்க்கப்பட்டு விட்டது. கோர்ட்டுகளைச் சட்டம் திருத்தலாம்; ரிச்சர்டின் மனோபாவத்தை எந்தச் சட்டம் திருத்தும்?

அம்மனோபாவம் பொதுத் தொண்டர்களையும் பற்றக் கூடியது. "தேர்தல் முடியட்டும், அதிகாரம் நம் கைக்கு வரட்டும், பிறகு கிராமத்தைக் கவனிப்போம், பள்ளிக்கூடத்தைத் திருத்துவோம்" என்று சொல்லுவோரை நாம் எங்கும் காண்கிறோம். அதிகாரத்தை நாடுவதில் தவறில்லை. ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பவர், அது வந்த பின்னரும் வேலை செய்யும் பழக்கத்தை இழந்தவராகவே இருப்பார். வெற்றி வரும்போது வரட்டும். இன்றைக்குச் செய்யத்தக்க காரியத்தை இன்றே செய்ய வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.