வீட்டுத் தரகருக்குக் கட்டட அறிவு

நடுத்தரக் குடும்பங்கள் பல, தரகரின் சொல்லை நம்பியே வாழ்நாள் சேமிப்பை வீட்டில் முதலீடு செய்கின்றன. ஆதலின் தரகருக்குக் கட்டட அறிவு இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டின் கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, 'கார்ப்பெட் ஏரியா' எனப்படும் உட்பரப்பில் அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் அடங்கும். வெளிச்சுவர்களும் பால்கனியும் அடங்கா. இதனை அறியாதவர் பரப்பளவை மிகைப்படுத்திக் கூற நேரிடும்.

சுவர்ப்பூச்சில் தோன்றும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்குவதால் விளைவது. சாய்வாக ஓடும் அகன்ற விரிசலோ, அடித்தளம் சீரற்று அமிழ்ந்ததன் அறிகுறியாகலாம். அத்தகைய கட்டமைப்புக் குறை, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சீர்செய்தல் வேண்டும். தரம்பற்றிப் பொய்யுரைப்பதையும் அச்சட்டம் தரகருக்குத் தடைசெய்கிறது. அறியாமல் உரைத்த சொல்லாலும் வாங்குவோருக்கு விளையும் இழப்பு குறைவதில்லை.