தோளுக்குப் பின்னால் ஒரு கண்

ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறு படகு கயாக். அதன் துடுப்புக்கே இரண்டு கையும் வேண்டும். தூண்டில், கைவலை, மாட்டிய மீன் எல்லாம் அதற்கு மேல். இதில் கேமராவை யார் பிடிப்பது? இங்கே கோவாவில், மாண்டவி ஆற்றில் ரிபந்தருக்கும் சோராவ் தீவுக்கும் இடையே ஃபெரி ஓடுகிறது. அது கிளப்பும் அலையில் கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தால் கைபேசி போகும். சமயத்தில் ஆளும் போவார்.

கடையில் தாங்கிகள் விற்கிறார்கள். விலையைக் கேட்டால், பேசாமல் மார்க்கெட்டில் மீன் வாங்கிவிடலாம் என்று தோன்றும்! நான் செய்துகொண்டது, வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற பிவிசி பைப்பில்.

என் கயாக்கில் இருக்கைக்குப் பின்னால், தூண்டில் கோலைச் செருகிவைக்க இரண்டு குழிகள் உண்டு. பின்பக்கமாகச் சாய்ந்தவை. 32 மில்லிமீட்டர் பைப்பில் ஒரு சாண் வெட்டி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் குழியில் ஆடாமல் உட்காரும். அதன் தலையில் 45 டிகிரி எல்போ, மேலே இரண்டடி பைப், உச்சியில் மூடி. எல்போவை முன்பக்கம் பார்த்து ஒட்டினால், யாரோ நம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் படம் விழும். இரண்டடிக்கு மேல் வேண்டாம். உயரம் கூடினால் ஆட்டமும் கூடும். வலக்கையால் தூண்டில் வீசுகிறவர்கள் இடப்பக்கக் குழியில் வையுங்கள். இல்லாவிட்டால் முள்ளில் முதலில் மாட்டுவது கேமராதான்.

மூடியில் துளையிட்டு, உள்ளிருந்து போல்ட் மாட்ட வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. கேமராவின் அடியில் உள்ள மரை கால் அங்குலம். அங்குலத்துக்கு 20 சுற்று. கடைக்காரர் 6 மில்லிமீட்டர் போல்ட்டைக் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார். அது இரண்டு சுற்று போகும், பிறகு முரண்டு பிடிக்கும். பலவந்தம் செய்தால் கேமராவின் மரை போய்விடும். துருப்பிடிக்காத எஃகாகவே கேளுங்கள். ஆற்றில் உப்புத் தண்ணீர் ஏறும். போல்ட்டில் ஒரு விங் நட், அதன் மேல் ரப்பர் வாஷர், பிறகு கேமரா. நட்டை மேல்நோக்கி முடுக்கினால் கேமரா நின்றுவிடும்.

பைப்பின் அடிமுனையையும் போல்ட் துளையையும் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் உள்ளே காற்று நிற்கும், தவறி விழுந்தாலும் மிதக்கும். தொட்டியில் கேமரா எடைக்கு ஒரு கல்லைக் கட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் படகோடு ஒரு கயிறு அவசியம். ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். படகு கவிழ்ந்தால் காலைச் சுற்றும்.

இத்தனை பாடும் தூத்துக்குடியில் இருக்கும் அப்பாவுக்காக. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். மூட்டுவலியால் இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. முதல் படத்திலேயே ஒரு கொடுவா ஏறியது; இங்கே சோனக் என்பார்கள். பெருமையாக அனுப்பினேன். மீனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"துடுப்ப ஏம்ல இம்புட்டு ஒசரம் தூக்குத? காத்து புடிச்சிக்கிடும்லா. படம் பூரா உன் முதுகுதான் தெரியுது. நீவாடு எங்கிட்டு ஓடுதுன்னு காட்டு."

அதிலிருந்து, கிளம்பியதும் விங் நட்டைத் தளர்த்திக் கேமராவை ஆற்றின் பக்கம் திருப்பிவிடுகிறேன். நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு எந்த அலையாத்தி ஓரத்தில் தூண்டில் போடவேண்டும் என்று அங்கிருந்தே சொல்கிறார். மூன்று தடவைக்கு இரண்டு தடவை அங்கே மீன் இருக்கிறது.