இரண்டு கருவி, ஒரே மணிக்கணக்கு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, நிரல் எழுதுவது என்று மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் லேப்டாப்பில் டைமரைத் தொடங்குகிறார்கள், வெளியே கிளம்பியதும் செல்போனில் நிறுத்துகிறார்கள். மாதக் கடைசியில் இரண்டும் வெவ்வேறு மொத்தம் காட்டினால் எதை வைத்து பில் போடுவது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். ஒழுங்காக எழுதப்பட்ட ஆப்பில் டைமர் என்று எதுவும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. நொடிகள் கூடுவது திரையில் மட்டும்தான். உள்ளே பதிவாவது ஒரே ஒரு வரி: இன்ன வேலை, இத்தனை மணிக்குத் தொடங்கியது. பார்க்கும்போதெல்லாம் இப்போதைய நேரத்திலிருந்து அந்தத் தொடக்க நேரத்தைக் கழித்துக் காட்டுகிறார்கள். அதனால்தான் லேப்டாப்பை அணைத்த பிறகும் செல்போனில் சரியான நேரம் தெரிகிறது. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அந்த வரிக்குப் பதிலாக மொத்தத்தை அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு கருவியிலும் 3 மணி நேரம் என்று இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் லேப்டாப்பில் 1 மணி, செல்போனில் 2 மணி வேலை பார்த்தீர்கள். லேப்டாப் 4 என்கிறது, செல்போன் 5 என்கிறது. கடைசியாக வந்ததே செல்லும் என்பது இரண்டையும் இணைக்கும் சர்வரின் விதியாக இருந்தால் 5 நிற்கும், அல்லது 4 நிற்கும். உண்மையில் நீங்கள் உழைத்தது 6 மணி. எந்த எச்சரிக்கையும் வராது. உங்கள் உழைப்பு சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

மண்டிக் கணக்கர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். நடந்தது நடந்தபடி முதலில் நாள்வழியில் ஏறும். மொத்தம் பிறகுதான் பேரேட்டில் வரும். தப்பு நேர்ந்தால் பழைய வரியை அழிக்க மாட்டார்கள், திருத்தத்தைப் புது வரியாக எழுதுவார்கள். கருவிகளுக்கு இடையிலான நல்ல ஒத்திசைவும் இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு தொடக்கமும் ஒவ்வொரு நிறுத்தமும் தனி வரி. எந்தக் கருவியிலிருந்து எந்த வரிசையில் வந்தாலும், எல்லா வரிகளையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே விடைதான் வரும்.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. செல்போன் ஒரு வரியை அனுப்புகிறது. கிடைத்தது என்ற பதில் வருவதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அது மறுபடி அனுப்புகிறது. ஒரே வேலை இரண்டு முறை ஏறிவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு வரிக்கும் பிறக்கும்போதே ஓர் அடையாள எண் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது 128 பிட் நீளமுள்ளது. யாரிடமும் கேட்காமல் கருவி தானே உருவாக்கிக்கொண்டாலும், ஒன்றுபோல் இன்னொன்று வர வாய்ப்பே இல்லை என்னும் அளவுக்குப் பெரியது. இரண்டாவது, நீக்கம். ஒரு வரியை வெறுமனே எடுத்துவிட்டால், அது நீக்கப்பட்டதை அறியாத பழைய டேப்லெட் அடுத்த முறை இணைந்ததும் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஆகவே ‘இது நீக்கப்பட்டது’ என்பதும் ஒரு வரியாகப் பதிவாகிப் பயணம் செய்ய வேண்டும்.

அடுத்தது கடிகாரம். கருவிகளில் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஒன்றிரண்டு நொடி தவறுவது சாதாரணம். கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்து 1985-இல் முதலில் வெளியான என்டிபி என்ற முறைதான் இன்றும் இணையத்தின் வழியாகக் கணினிகளின் நேரத்தைத் திருத்துகிறது. யாராவது தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டுக் கையால் மாற்றினால், தொடங்கும் முன்பே முடிந்த வேலைகளும் பட்டியலில் வரும். வெவ்வேறு கணினிகளின் கடிகாரத்தை மட்டும் நம்பி எது முன், எது பின் என்று தீர்மானிக்க முடியாது என்பதையும், அதற்குப் பதிலாக நிகழ்வுகளுக்கு வரிசை எண் கொடுக்கலாம் என்பதையும் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் விளக்கினார். வரிசைக்கு எண் போதும். ஆனால் கூலிக்கு நிமிடம் வேண்டும். அதனால் தானியங்கி நேரத்தை அணைக்காதீர்கள்.

நேர மண்டலமும் கணக்கைக் குழப்பும். சென்னையில் திங்கள் காலை 9.30 என்பது உலகப் பொது நேரப்படி அதிகாலை 4 மணி. அப்போது நியூயார்க்கில் கோடைக்காலமாக இருந்தால் திங்கள் பிறக்கும் நள்ளிரவு 12 மணி. குளிர்காலமாக இருந்தால் ஞாயிறு இரவு 11. நியூயார்க் நேரப்படி திங்களன்று வாரம் தொடங்கினால், அதே ஒரு மணி நேர வேலை, கோடையில் இந்த வார பில்லிலும் குளிர்காலத்தில் போன வார பில்லிலும் போய் உட்காரும். ஆப் உள்ளே பொது நேரத்தில் எழுதி, வெளியே உள்ளூர் நேரத்தில் காட்ட வேண்டும். வாரம் யாருடைய நேரப்படி தொடங்குகிறது என்பதை வேலை கொடுப்பவரிடம் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எந்த இயந்திரமும் தானாகத் தீர்க்க முடியாத ஒன்று. லேப்டாப்பில் 10 மணிக்குத் தொடங்கிய டைமர் அப்படியே இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் 11 மணிக்குச் செல்போனில் இன்னொரு வேலையைத் தொடங்குகிறீர்கள். பல ஆப்கள் ஒரு நேரத்தில் ஒரு டைமரைத்தான் அனுமதிக்கும். ஆனால் தொடர்பில்லாத கருவிக்கு மற்றதைப் பற்றி எப்படித் தெரியும்? பிறகு இரண்டும் சந்திக்கும்போது எது உண்மையான வேலை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல ஆப் இரண்டையும் வைத்துக்கொண்டு, இங்கே மோதல் இருக்கிறது என்று காட்டும். மோசமான ஆப் ஒன்றை விழுங்கிவிடும்.

எனவே ஆப்பை நம்புவதற்கு முன் சோதியுங்கள். இரண்டு கருவியையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, இரண்டிலும் சில பதிவுகள் செய்து, ஒன்றை நீக்கி, பிறகு இணையுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததா, நீக்கியது நீங்கியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆப் இல்லாமல் சொந்த ஃபைலில் எழுதிப் பகிர்பவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபைலில் இரண்டும் எழுதினால் முரண்பட்ட நகல்தான் மிஞ்சும். வாரம் ஒருமுறை பதிவுகளை வரிவரியாக இறக்கி வையுங்கள். பில்லைப் பற்றிக் கேள்வி வந்தால் மொத்தம் மட்டும் போதாது. அந்த வரிகள்தான் உங்கள் உழைப்புக்குச் சாட்சி.