கடைசிச் சாளரம்

பல பாகங்களாக விரியும் கதையொன்றின் இறுதி நூலை, வாசகர் ஒரு கேள்வியோடுதான் கையிலெடுக்கின்றனர்: இவ்விருவரும் ஒன்று சேர்வார்களா? இளையோருக்கென எழுதப்படும் மாயக் கதைகளில் இக்கேள்வி இன்னும் வலியது. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரேக்கிங் டோன்' என்னும் நூலில், கதாநாயகி கணவனையும் குழந்தையையும் மூப்பில்லா வாழ்வையும் ஒருங்கே பெற்றுவிடுகிறாள். நேயர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட நூலோ இதற்கு நேர்மாறாக முடிவது.

அதன் ஆசிரியர் பிலிப் புல்மன், ஒக்ஸ்போட் நகரில் பல்லாண்டுகள் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. அவரது முத்தொகுதியின் முதல் நூல் 1995இலும், இறுதி நூலான 'த அம்பர் ஸ்பைகிளாஸ்' 2000இலும் வெளிவந்தன. இறுதி நூல் 2001ஆம் ஆண்டுக்குரிய விட்பிரெட் பெரும்பரிசைப் பெற்றது. சிறுவர் நூலொன்றுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. ஏவாள் கனியுண்டதைப் பாவமென்று பாடினார் மில்டன். மனிதர் அறிவு பெற்ற நாள் அதுவே என்கிறார் புல்மன். சமயத்தார் சிலர் சினந்ததில் வியப்பில்லை. அவ்வழக்கினுள் நான் புகவில்லை.

லைரா ஓர் உலகத்தவள். வில் நமது உலகத்தவன். உலகங்களுக்கிடையே சாளரம் வெட்டவல்ல கத்தியொன்று வில்லிடம் இருக்கிறது. அதன் துணையால் இருவரும் இறந்தோர் உலகுக்கும் சென்று, அங்கு அடைபட்ட ஆவிகள் வெளியேற வழி திறந்துவிடுகின்றனர். வெளியேறும் ஆவிகள் காற்றிலும் புல்லிலும் கலந்து மகிழ்வோடு மறைகின்றன. அதன்பின்னரே இருவரும் தம் அன்பை உணர்கின்றனர்.

உணர்ந்த மறுகணமே செய்தி வருகிறது. உயிர்களுக்கு அறிவு தரும் நுண்தூசு சாளரங்கள் வழியே வீணாக ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அடைத்தேயாக வேண்டும். ஒருவர் மற்றவரின் உலகில் குடியேறலாமெனின், அயலுலகில் உடல் பத்தாண்டளவில் நலிந்துவிடும். ஒரேயொரு சாளரத்தை மட்டும் விட்டுவைக்கலாம் என்று அறிந்ததும் இருவர் முகமும் மலர்கின்றது. ஆனால் அந்த ஒன்று, இறந்தோருக்குத் தாம் திறந்த வழியாகவே இருக்கவேண்டும் என்பது உடனே நினைவுக்கு வருகிறது.

மூன்று நூல்களையும் படிக்கச் செய்து கடைசியில் பிரித்துவிடுவது நியாயமா என்று மாணவியொருத்தி என்னிடம் கேட்டாள். பிரித்தவர் புல்மன் அல்லர் என்றேன். வேறொரு தீயவனும் அல்லன். முன்பின் அறியாத இறந்தோருக்கு அவர்கள் கொடுத்த வாக்கே பிரித்தது. தூசின் கணக்கு ஆசிரியர் வசதிக்கு இயற்றியதுபோல் சற்றே தோன்றுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அத்தெரிவின் உண்மை அதனால் குறையவில்லை.

அந்தக் கத்தி முன்னொருமுறை, தாயின் நினைவு குறுக்கிட்டபோது வில்லின் கையில் உடைந்தது. இறுதியில் லைராவை நினைத்து அவனே அதை உடைக்கிறான். ஆண்டுதோறும் நடுக்கோடை நாளின் நண்பகலில், தத்தம் உலகின் ஒக்ஸ்போட் தாவரவியல் பூங்காவில், ஒரே இடத்திலுள்ள வாங்கில் ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பதென்று உறுதி பூணுகின்றனர். நமது உலகின் ஒக்ஸ்போட்டில் அந்த வாங்கு உண்மையாகவே இருக்கிறது. அதன் மரத்தில் வாசகர்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் செதுக்கி வைத்திருக்கின்றனர்.