மேசைக் கணினிக்கு ஏற்ற வலு வழங்கி

கணினியொன்றை உறுப்புறுப்பாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இன்று மாணவரிடையே பெரிதும் பரவியுள்ளது. அங்ஙனம் பொருத்த முற்படுவோர் முறைவழியாக்கி எது, வரைகலை அட்டை எது, நினைவகம் எவ்வளவு என்பனபற்றிப் பல நாள் ஆராய்வர், நண்பரோடு வாதிடுவர், கடைக்குக் கடை விலையை ஒப்பிடுவர். இவையெல்லாம் முடிந்தபின், கையில் எஞ்சிய பணத்துக்கு அகப்படும் வலு வழங்கியை வாங்கி மூலையிற் பொருத்திவிடுவர். பெட்டியோடு இனாமாக வந்ததே போதும் என்று அமைவோரும் உளர். இம்முறை தலைகீழானது. நினைவகம் பழுதுற்றால் நினைவகம் மட்டுமே கெடும். வலு வழங்கி முறைகேடாகப் பழுதுற்றாலோ, அதனோடு தொடுக்கப்பட்ட யாவும் ஒருங்கே கெடக்கூடும். வன்தட்டில் எழுதிவைத்த ஆண்டுக்கணக்கான உழைப்பும் அவற்றுள் அடங்கும்.

வலு வழங்கியின் தொழில் யாது? நம் வீடுகளுக்கு வருவது 230 உவோற்று அழுத்தமுடையதும் செக்கனுக்கு 50 சுற்று ஆடுவதுமான ஆடலோட்டம். கணினியின் உறுப்புகள் வேண்டுவதோ 12, 5, 3.3 உவோற்று அழுத்தங்களிலான நேரோட்டம். முற்காலக் கருவிகளில் இம்மாற்றத்தை இரும்பகமுடைய பெரிய நிலைமாற்றி ஒன்று செய்தது. அது பாரமானது, வெப்பத்தை மிகுதியாக வெளிவிடுவது. 1977 இல் வெளிவந்த அப்பிள் 2 என்னுங் கணினிக்கு உரொட் ஹோல்ற் என்பார் ஆளிமுறை வலு வழங்கியொன்றை அமைத்தார். இன்றைய மேசைக் கணினிகள் யாவும் அம்முறையையே கையாளுகின்றன. இம்முறையில் வீட்டு மின் முதலில் நேரோட்டமாகச் சீராக்கப்படும். 230 உவோற்றின் உச்சப் பெறுமானம் ஏறத்தாழ 325 உவோற்று ஆகலின், உள்ளே அவ்வளவு அழுத்தம் நிற்கும். பின்னர் அதனைத் திரான்சிற்றர்கள் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடும். மீடிறன் உயர உயர நிலைமாற்றி சிறிதாகலாம் என்பது விதி. ஆதலின் உள்ளங்கையுள் அடங்கும் நிலைமாற்றியே போதுமானதாகின்றது. வெளிவரும் அழுத்தத்தைச் சுற்றொன்று இடையறாது அளந்து, ஆளி திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் அதனை நிலையாக வைத்திருக்கும்.

1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினிக்கு 63.5 உவாற்று வலு வழங்கியே போதுமாயிருந்தது. 2022 இல் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 4090 என்னும் வரைகலை அட்டை ஒன்று மட்டுமே 450 உவாற்று வேண்டும். வளர்ச்சி தொகையில் மட்டும் நிகழ்ந்ததன்று. வலு செல்லும் வழியும் மாறிவிட்டது. வாங்குவோர் பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

இன்ரெல் நிறுவனம் 1995 இல் ஏ.ரி.எக்ஸ். நியமத்தை வெளியிட்டபோது, கணினியின் பெரும்பகுதி 5 உவோற்றிலும் 3.3 உவோற்றிலும் இயங்கியது. 12 உவோற்று, தட்டுச் சுழற்றிகளுக்கும் விசிறிகளுக்குமே பெரிதும் பயன்பட்டது. முறைவழியாக்கிகளின் பசி மிக மிக, தாழ்ந்த அழுத்தத்தில் அவ்வளவு வலுவைக் கம்பிவழி செலுத்துதல் அரிதாயிற்று. 120 உவாற்றை 12 உவோற்றிற் செலுத்த 10 அம்பியர் ஓட்டம் போதும். 5 உவோற்றிற் செலுத்த 24 அம்பியர் வேண்டும். கம்பியில் எழும் வெப்பமோ ஓட்டத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. ஆகவே 2000 ஆம் ஆண்டளவில் முறைவழியாக்கிக்கெனத் தனியான 12 உவோற்று இணைப்பி நியமத்திற் சேர்க்கப்பட்டது. வரைகலை அட்டைகளும் அவ்வழியே சென்றன. இன்று கணினியொன்று உண்ணும் வலுவில் மிகப் பெரும் பங்கு 12 உவோற்று நிரலிலிருந்தே பெறப்படுகின்றது.

எனவே, வலு வழங்கியின் நெற்றியில் எழுதப்பட்ட எண்ணை அன்று, அதன் விலாவில் ஒட்டப்பட்ட அட்டவணையிலுள்ள 12 உவோற்று நிரலையே முதலிற் படித்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 500 உவாற்று எனப் பெரிதாக எழுதிய பெட்டியொன்றின் அட்டவணையில் 3.3 உவோற்றுக்கு 28 அம்பியர், 5 உவோற்றுக்கு 32 அம்பியர், 12 உவோற்றுக்கு 20 அம்பியர் எனக் காணப்படுகின்றது என்க. பெருக்கிக் கூட்டினால் 92 உம் 160 உம் 240 உம் சேர்ந்து 492 ஆகும். சில்லறை நிரல்களையுஞ் சேர்த்தால் 500 நிரம்பிவிடும். எழுதியது பொய்யன்று, ஆயினும் இன்றைய கணினிக்கு உதவுவது அதில் 240 உவாற்று மாத்திரமே. அருகிலுள்ள மற்றொரு பெட்டியில் 450 உவாற்று என்று எழுதி, 12 உவோற்றுக்கு 36 அம்பியர் தரப்பட்டிருப்பின் அஃது 432 உவாற்றாகும். சிறிய எண்ணையுடைய இரண்டாவதே ஏறத்தாழ இருமடங்கு வல்லது. சில அட்டவணைகளில் 12 உவோற்று நிரல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுதல் தவறு. நிரல்களுக்குக் கீழே தரப்பட்ட கூட்டு உச்சமே கணக்கு. அன்றியும், அவ்வலு எந்த வெப்பநிலையிற் கிடைக்கும் என்பதுங் கவனிக்கத்தக்கது. 25 பாகை செல்சியசில் 500 உவாற்று தருவது, நம் நாட்டு நண்பகலில் மூடிய பெட்டிக்குள் அவ்வளவைத் தருமென எதிர்பார்த்தல் இயலாது. 40 அல்லது 50 பாகையில் முழு வலுவைத் தருவதாகக் கூறுவனவே நம் சூழலுக்கு ஏற்றவை.

இனி, வேண்டிய வலுவைக் கணிக்கும் முறை. கோர் ஐ5-12400 முறைவழியாக்கியும் ஆர்.ரி.எக்ஸ். 3060 வரைகலை அட்டையுங் கொண்ட கணினியொன்றை எடுத்துக்கொள்வோம். முறைவழியாக்கியின் அடிப்படை வலு 65 உவாற்று எனக் குறிக்கப்பட்டிருப்பினும், விரைந்து தொழிற்படும்போது அது 117 உவாற்று வரை கொள்ளும். கணக்கிற்கு இப்பெரிய எண்ணையே கொள்ளல் வேண்டும். வரைகலை அட்டைக்கு 170 உவாற்று. தாய்ப்பலகை, நினைவகம், தட்டுகள், விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 உவாற்று ஒதுக்கினால் மொத்தம் 347 உவாற்று. இக்கணினிக்கு நல்ல 550 உவாற்று வலு வழங்கி பொருத்தமானது. அட்டையை ஆக்கிய நிறுவனத்தின் பரிந்துரையும் அதுவே.

347 க்கு 550 எதற்கு என வினவலாம். வரைகலை அட்டைகள் சராசரியாகக் கொள்ளும் வலு ஒன்று. கண்ணிமைப்பினுங் குறைந்த நேரத்திற்கு எட்டிப் பாயும் வலு வேறொன்று. 2020 ஆம் ஆண்டின் பின் வந்த பேரட்டைகளில் இப்பாய்ச்சல் சராசரியினும் மிகப் பெரிதாக அமைந்தமையால், கணக்கின்படி போதுமான வலு வழங்கிகளும் திடீரென நின்றுவிட்டன. அதனாலேயே 2022 இல் வெளியான ஏ.ரி.எக்ஸ். 3.0 நியமம், பெரிய வலு வழங்கிகள் தம் குறித்த வலுவின் இருமடங்கை 100 மைக்கிரோசெக்கன் வரை தாங்கவேண்டும் என விதித்தது. புதிதாக வாங்குவோர் இந்நியமத்துக்கோ இதற்குப் பின்வந்ததற்கோ அமைந்ததைக் கேட்டு வாங்குதல் நன்று.

மறுபுறத்தில், 1000 உவாற்று வாங்கினால் மின்கட்டணம் ஏறிவிடும் என அஞ்சுவோரும் உளர். குளம் பெரிதென்பதால் வயலுக்குப் பாயும் நீர் மிகுவதில்லை. மடை திறந்த அளவே பாயும். கணினி வேண்டிய அளவே வலு வழங்கியிலிருந்து பெறப்படும். ஆனால் அளவுக்கு மிஞ்சியதாற் சிறு நட்டம் உண்டு. வெறுமனே திறந்திருக்கும் கணினி 50 உவாற்று கொள்வதாயின், 1000 உவாற்று வழங்கிக்கு அது நூற்றில் ஐந்து பங்குச் சுமையே. அத்தகைய சிறு சுமையில் வினைத்திறன் தாழும்.

வினைத்திறன் என்றதும் 80 பிளஸ் முத்திரை நினைவுக்கு வரும். 2004 இல் தொடங்கிய இத்திட்டத்தின்படி, சுமை 20, 50, 100 விழுக்காடுகளில் நிற்கும்போது குறைந்தது 80 விழுக்காடு வினைத்திறன் உடையவற்றுக்கு முத்திரை வழங்கப்பட்டது. பின்னர் வெண்கலம், வெள்ளி, பொன், பிளாற்றினம், ரைற்றேனியம் எனப் படிகள் எழுந்தன. 115 உவோற்று மின்னில் அரைச் சுமையின்போது வெண்கலத்துக்கு 85, பொன்னுக்கு 90 விழுக்காடு வேண்டும். நம் 230 உவோற்றில் ஓட்டம் பாதியாதலின் பெறுமானம் சற்று உயரும். இதனால் வரும் சேமிப்பு எவ்வளவு? 300 உவாற்றுச் சுமைக்கு, 80 விழுக்காடுடைய வழங்கி சுவரிலிருந்து 375 உவாற்றும், 90 விழுக்காடுடையது 333 உவாற்றும் பெறும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இவ்வாறு இயங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 61 அலகு மிஞ்சும். உண்மையில் எவர் கணினியும் நாடோறும் நான்கு மணி நேரம் முழுச் சுமையில் உழைப்பதில்லை. ஆகவே சேமிப்பு இதனினுங் குறைவே. முத்திரை வினைத்திறனுக்கு மட்டுமே சான்று. காப்புச் சுற்றுகள் உள்ளனவா என்பதை அது கூறாது. ஆயினும் பொன் முத்திரை பெறுமளவுக்கு உழைத்தவர் ஏனையவற்றிலும் ஓரளவு கவனஞ் செலுத்தியிருப்பர் என்ற ஊகம் பெரும்பாலும் சரியாகின்றது. அதற்காக அதனை விரும்பலாம், மின்கட்டணத்துக்காக அன்று.

உள்ளே உண்மையிற் கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று கொள்ளளவிகள். மின்பகு திரவத்தைக் கொண்ட இவை வெப்பத்தால் உலர்வன. வெப்பம் 10 பாகை உயரும்போது அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கையாளும் மதிப்பீடு. ஆகவே 85 பாகைக்கு அமைந்தவற்றினும் 105 பாகைக்கு அமைந்தவை நெடுங்காலம் நிற்கும். இந்நூற்றாண்டின் முதலாண்டுகளிற் குறைபாடுள்ள கொள்ளளவிகள் உலகெங்கும் பரவி, தலை வீங்கி வெடித்து, எண்ணற்ற தாய்ப்பலகைகளையும் வலு வழங்கிகளையும் கெடுத்தன. கொள்ளளவி தளர்ந்தால் வெளிவரும் நேரோட்டத்தில் சிற்றலை மிகும். 12 உவோற்றில் 120 மில்லிஉவோற்றுக்கு மேலும், 5 உவோற்றில் 50 மில்லிஉவோற்றுக்கு மேலும் அது செல்லலாகாது. சாதாரண மின்மானி இதனைக் காட்டாது, 12.0 எனச் செம்மையாகக் காட்டும் வழங்கியும் உள்ளூரக் கெட்டிருக்கலாம். மற்றையது காப்பு. குறுஞ்சுற்று, மிகையோட்டம், மிகையழுத்தம், மிகைவெப்பம் நேரும்போது தன்னைத்தான் அணைத்துக்கொள்வதே நல்ல வழங்கி. மலிவானவற்றில் முதலிற் குறைக்கப்படுவது, கண்ணுக்குப் புலனாகாத இப்பகுதியே.

இவற்றைத் திறந்து பார்த்து அறியலாமா எனின், கூடாது. மின்னைத் துண்டித்த பின்னரும் முதற்கொள்ளளவி 300 உவோற்றுக்கு மேற்பட்ட மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அஃது உயிரைக் கொல்ல வல்லது. ஆகவே வாங்குவோர் வெளிச் சான்றுகளையே நம்பவேண்டும். உத்தரவாதம் ஓராண்டா, ஏழாண்டா, பத்தாண்டா என நோக்குதல் ஒன்று; முழுச் சுமையிட்டு அலைகாட்டி கொண்டு சோதித்து எழுதிய மதிப்புரைகளைப் படித்தல் மற்றொன்று. வெறுமனே பெட்டியைப் பிரித்துப் படமெடுத்து எழுதுவோரின் புகழுரையால் யாதும் பயனில்லை.

நம் வீட்டு மின்னின் இயல்பும் தெரிவைப் பாதிக்கும். 2022 இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின் தடைப்பட்ட காலத்தில், தடங்கலற்ற மின்வழங்கியைப் பலர் வாங்கினர். மின் நின்றதும் மின்கலத்துக்கு மாறுவதற்கு அக்கருவிக்குச் சில மில்லிசெக்கன் செல்லும்; அந்த இடைவெளியைத் தன்னுள் தேக்கிய மின்னாற் கடக்க வலு வழங்கி வல்லதாதல் வேண்டும். நல்லவை 12 முதல் 17 மில்லிசெக்கன் வரை தாங்கும், மட்டமானவை தாங்கா. மின்கலக் கருவியின் மேலும் இரண்டு எண்கள் உண்டு. 650 உவோற்று-அம்பியர் என்பது பெரும்பாலும் 360 முதல் 390 உவாற்று வரையே. பழைய மலிவான வலு வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 எனச் சிறு ஆளியொன்று இருக்கும். அது 115 இல் நிற்கக் குதையிற் செருகினால், வெடியோசையோடு அதன் வாழ்வு முடியும். மூன்றாவது முனையாகிய புவித்தொடுப்பை விலக்கி, இருமுனைச் செருகியில் மாட்டுவோரும் உளர். வழங்கியின் வாயிலிலுள்ள வடிப்புக் கொள்ளளவிகளால் அப்போது பெட்டியின் உலோகம் வீட்டு அழுத்தத்தின் பாதியளவில் நிற்கும். தொட்டவர் விரலில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சிக்குக் காரணம் இதுவே.

எஞ்சியது கம்பி. வரைகலை அட்டைக்குச் செல்லும் ஆறுமுனை இணைப்பி 75 உவாற்றுக்கும், எண்முனை இணைப்பி 150 உவாற்றுக்கும் உரியது. தாய்ப்பலகையின் குதை வழியே 75 உவாற்று செல்லும். அட்டை வேண்டும் இணைப்பிகள் வழங்கியில் இயல்பாகவே இல்லையெனின், அவ்வழங்கி அவ்வட்டைக்கு உரியதன்று எனக் கொள்க; வன்தட்டுக் கம்பியிலிருந்து மாற்றியிட்டுப் பெறுதல் தீயை அழைத்தலாகும். 600 உவாற்று வரை தாங்கும் புதிய இணைப்பிகள் 2022 இன் பிற்பகுதியிற் சில அட்டைகளில் உருகின. முழுமையாகச் செருகப்படாமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் காணப்பட்டு, மறு ஆண்டு அவ்விணைப்பியின் அமைப்பே திருத்தப்பட்டது. கம்பிகளைக் கழற்றிப் பூட்டக்கூடிய வழங்கிகளில் வேறோர் ஏதம் உண்டு. கணினிப் பக்கத்து முனைகள் நியமத்துக்கு அமைந்தவை; வழங்கிப் பக்கத்து முனைகளுக்கு நியமம் இல்லை. ஆகவே ஒரு வழங்கியின் கம்பி மற்றொன்றிற் பொருந்தினும், 5 உவோற்று வரவேண்டிய இடத்தில் 12 உவோற்று வந்து வன்தட்டைச் சுட்டுவிடலாம். வழங்கியை மாற்றும்போது பழைய கம்பிகளையும் ஒருங்கே கழற்றி, அவை எதற்குரியவை என எழுதிய துண்டொன்றோடு தனிப் பையிற் கட்டிவைத்தல் வேண்டும்.