பிபிஸ்ட்ரெல் சினுஸ்
இருவர் அமரும் மோட்டார் கிளைடர். ஸ்லொவேனியா, 1990-கள்

முதலில் இறக்கையைப் பாருங்கள்: நுனியிலிருந்து நுனிவரை 15 மீட்டர். இத்தனை நீண்ட, ஒடுங்கிய இறக்கை இருப்பதால்தான் எஞ்சினை அணைத்த பிறகும் இது மிதக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் இழப்பதற்குள் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் முன்னே போய்விடும். வழியில் வெயிலில் சூடேறி எழும் காற்று கிடைத்தால், பருந்தைப் போல அதில் வட்டமடித்தே மேலேறலாம்.

மூக்கிலுள்ள புரொப்பெல்லரை விட்டுவிடாதீர்கள். எஞ்சின் நின்றதும் விமானி அதன் அலகுகளைக் காற்று வரும் திசைக்கு இணையாகத் திருப்பிவிடுவார். இல்லையென்றால் அவை காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்றுவிடும். இந்த வடிவமைப்பில் மிகவும் பாராட்டத்தக்கது இதுவே.

சாதாரண கிளைடரை இன்னொரு விமானமோ வின்ச்சோ இழுத்து மேலேற்ற வேண்டும். சினுஸ் தன் ரோட்டாக்ஸ் எஞ்சினால் தானே எழும்பும், ஊர்விட்டு ஊரும் போகும். உள்ளே இருக்கைகள் அருகருகே.

தயாரித்தது, பலத்த புர்யா காற்று வீசும் அய்டோவ்ஷ்சினா நகரின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம். 2004-இல் விமானி மாதெவ்ஷ் லெனார்ச்சிச் சினுஸில் தனியாக உலகைச் சுற்றிவந்தார்.