தானியங்கு வலையமைப்புகளில் கணுக்களின் நம்பிக்கையும் தகவமைப்பும்

தானியங்கு வலையமைப்பு என்பது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனிதரின் கட்டளைக்குக் காத்திராமல் தன்னைத் தானே அமைத்துக்கொண்டு, பழுது வந்தால் தானே சரிசெய்துகொள்ளும் கணினி வலையமைப்பு ஆகும். நாம் நினைக்காமலே இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் தானியங்கு நரம்பு மண்டலத்திலிருந்து இப்பெயர் வந்தது. 2001இல் ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த பால் ஹார்ன் தானியங்கு கணிமை என்னும் கருத்தை முன்வைத்தார். ஜெஃப்ரி கெப்ஹார்ட், டேவிட் செஸ் இருவரும் 2003இல் வெளியிட்ட கட்டுரை அதை விரிவாக விளக்கியது.

இத்தகைய அமைப்பில் ஒவ்வொரு கணுவும் (ரவுட்டர், உணரி, கைப்பேசி என எதுவாகவும் இருக்கலாம்) ஒரு சுழற்சியில் இயங்குகிறது. சூழலைக் கண்காணிக்கிறது, கண்டதைப் பகுத்தாய்கிறது, திட்டமிடுகிறது, செயற்படுத்துகிறது. பிறகு மீண்டும் கண்காணிக்கிறது. தன் இணைப்பு அறுந்தால் அதைக் கணுவே அறியும். ஆனால் தொலைவில் உள்ள பாதைகளைப் பற்றி அண்டைக் கணுக்கள் சொல்வதைத்தான் அது கேட்க வேண்டும். அண்டைக் கணு பொய் சொன்னால், அந்தப் பொய்க்கு ஏற்பவே இதுவும் தன்னை மாற்றிக்கொள்ளும். எனவே நம்பிக்கை இல்லாத தகவமைப்பு பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும்.

இது கற்பனை அச்சம் அன்று. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக யூடியூபின் முகவரித் தொகுதி ஒன்றைத் தன்னுடையதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. மேலிணைப்பு நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் மற்றவர்களுக்குக் கடத்தியது. குறுகிய, துல்லியமான முகவரித் தொகுதிக்கே முன்னுரிமை என்பது திசைவித்தல் விதி. அந்த விதிப்படி உலகெங்கும் ரவுட்டர்கள் தாமாகவே பாதையை மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பலருக்கு யூடியூப் கிடைக்கவில்லை. ரவுட்டர் எதுவும் பழுதாகவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கையை அளத்தல்

கணு ஒன்றுக்கு மற்றொன்றின் மீதுள்ள நம்பிக்கையை எண்ணாக்க எளிய வழி, யோசங், இஸ்மாயில் ஆகியோர் 2002இல் முன்வைத்த பீட்டா நற்பெயர் முறை. நல்ல அனுபவங்களின் எண்ணிக்கையுடன் 1 கூட்டி, மொத்த அனுபவங்களுடன் 2 கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். பத்துப் பொதிகளில் எட்டை ஒழுங்காகக் கடத்திய கணுவின் மதிப்பு 9/12, அதாவது 0.75. முன்பின் தெரியாத புதிய கணுவின் மதிப்பு 1/2. பழைய அனுபவங்களின் எடையை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால், நெடுநாள் நல்லவனாக நடித்துப் பின் ஏமாற்றும் கணுவையும் பிடித்துவிடலாம்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. பத்தில் ஒன்றை மட்டும் கடத்திய கணுவின் மதிப்பு 2/12, சுமார் 0.17. அது பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி நுழைந்தால் 0.5 ஆகிவிடும்! ஒரே கணு பல பெயர்களில் நுழைந்து ஒன்றுக்கொன்று நற்சான்று வழங்குவதும் உண்டு. இது சிபில் தாக்குதல் எனப்படும். ஆகவே, அடையாளம் உறுதியாகாத இடத்தில் நற்பெயர்க் கணக்குக்கு மதிப்பில்லை.

அடையாளத்தை உறுதிசெய்வதற்கான செந்தரம் 2021இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணங்கள் 8994, 8995 ஆகியவற்றில் வந்தது. தயாரிப்பாளர் பொருத்திய சான்றிதழைக் காட்டி, புதிய கருவி வலையமைப்பின் சான்றிதழைப் பெறுகிறது. அதன்பின் அண்டைக் கருவிகளுடன் மறையாக்கம் செய்த தனித் தடத்தில் பேசுகிறது. எனினும், சான்றிதழ் "இவர் யார்" என்பதற்கே விடை தரும். "இவர் ஒழுங்காக நடப்பாரா" என்பதற்கு விடை தராது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

நடத்தையைக் கவனித்தல்

2000இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மார்ட்டி முதலிய நால்வர், கம்பியற்ற தற்காலிக வலையமைப்புகளுக்குக் காவல்நாய் என்னும் முறையை வகுத்தனர. ஒரு கணு தான் கொடுத்த பொதியை அடுத்த கணு மேலே அனுப்புகிறதா என்று வானலையில் ஒட்டுக்கேட்கும். அனுப்பாத கணுவைத் தவிர்த்துப் பாதை அமைக்கப்படும். 40% கணுக்கள் ஒழுங்கின்றி நடந்த பாவனைச் சோதனையிலும், பொதிகள் சென்றடையும் அளவு 17% உயர்ந்தது. அதற்கான விலை, கட்டுப்பாட்டுச் செய்திகளின் பங்கு 9%இலிருந்து 17% ஆனது.

இம்முறையில் ஒரு வேடிக்கை உண்டு. வேலை செய்யாத கணுவைத் தவிர்ப்பதால் அதற்குச் சுமை குறைகிறது. அதன் சொந்தப் பொதிகளை மட்டும் மற்றவை சுமக்கின்றன. வீட்டுப்பாடம் எழுதாத மாணவனுக்கு வீட்டுப்பாடமே கொடுக்காமல் விடுவது போன்றது இது. 2002இல் புக்கெகர், லெ பூடெக் வகுத்த கான்ஃபிடன்ட் நெறிமுறை இதைத் திருத்தியது. அதன்படி, ஒழுங்கற்ற கணுவின் பொதிகளை மற்றவை ஏற்பதில்லை. ஆனால் ஒட்டுக்கேட்பதில் பிழை நேரலாம். இரு சமிக்ஞைகள் மோதினால், அனுப்பப்பட்ட பொதியும் அனுப்பப்படாததாகத் தோன்றும். அதனால் ஒரு முறை தவறியதை வைத்துத் தண்டிக்காமல், தவறுகள் ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே நடவடிக்கை எடுக்கப்படுகிறது. விலக்கப்பட்ட கணு சில காலம் கழித்துத் திரும்பிவரவும் வழி வேண்டும். இல்லையெனில் மின்கலம் தீர்ந்து சற்று நேரம் முடங்கிய கணுவும், வேண்டுமென்றே ஏமாற்றிய கணுவும் ஒரே தண்டனையைப் பெறும்.